கல்லில் பயின்ற தூரிகை
சீனக் கலைஞர் வூ சாங்ஷுவோவின் வாழ்வும் கலையும்

சீன நாட்டில் எழுதுவதும் வரைவதும் ஒரே தூரிகையால் நிகழ்வன. மையும் ஒன்றே, தாளும் ஒன்றே. கவிதை, அழகெழுத்து, ஓவியம் ஆகிய மூன்றும் ஒருவரிடத்தே நிறைவுற அமைவதைப் பெரும்பேறாகப் போற்றுவது அந்நாட்டு மரபு. ஓவியத்தின் வெற்றிடத்தில் கவிதை எழுதப்பெற்று, அதனருகே செந்நிற முத்திரை பதிக்கப்பெற்ற பின்னரே ஒரு படைப்பு முற்றுப்பெற்றதாகக் கொள்ளப்படும். அம்முத்திரையையும் தம் கையாலேயே கல்லில் செதுக்கிக்கொள்ளும் ஆற்றல் வாய்க்கப் பெறுபவர், நான்கு கலைகளையும் ஆள்பவர் ஆகிறார். அவ்வாறு நான்கிலும் உயர்ந்து நின்றவர் வூ சாங்ஷுவோ (1844-1927).

பொதுவாகத் தூரிகையில் தேர்ந்தவரே பின்னர் முத்திரைக்கல்லை நாடுவர். வூவின் வழி நேர்மாறானது. அவர் முதலில் கற்றது உளி. அடுத்துக் கற்றது எழுத்து. இறுதியாகக் கைக்கொண்டது ஓவியம். கல்லில் கற்றதைத் தாளுக்குக் கொணர்ந்தமையே அவருடைய வாழ்நாள் பணி எனச் சுருங்கக் கூறலாம். அப்பணிக்கு அவர் எடுத்துக்கொண்ட காலம் ஏறத்தாழ எழுபது ஆண்டுகள். அந்த நெடும்பயிற்சியின் பின்னணியில் ஒரு பேரிழப்பும் இருந்தது.

ஊரும் உளியும்

சீனத்தின் கீழைக் கடற்கரை மாநிலமாகிய ஜெஜியாங்கின் வடமேற்கில், மூங்கிற்காடுகள் சூழ்ந்த ஆன்ஜி என்னும் மலைப்பகுதி உள்ளது. அங்குள்ள ஜாங்வூ என்னும் சிற்றூரில் 1844-ஆம் ஆண்டு வூ பிறந்தார். வூ என்பது குடிப்பெயர். சீன வழக்கப்படி அதுவே முன்னால் நிற்கும். பாட்டனாரும் தந்தையாரும் அரசின் மாகாணத் தேர்வில் தேறிய கல்வியாளர்கள். தந்தையார் வூ சின்ஜியா 1851-இல் அத்தேர்வில் வெற்றி பெற்றவர். ஓய்வு நேரங்களில் முத்திரை செதுக்குபவர்.

தந்தையின் அருகிலிருந்து பார்த்துப் பார்த்தே சிறுவனுக்கு உளியின் மீது பற்று உண்டாயிற்று. நல்ல கல் எளிதில் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரு கல்லில் எழுத்தைச் செதுக்குவதும், அதைத் தேய்த்து அழித்துவிட்டு அதிலேயே மீண்டும் செதுக்குவதுமாகப் பயிற்சி தொடர்ந்தது. கல் தேய்ந்து கையில் பிடிக்க இயலாத அளவு சிறுத்துவிடும்போது உளி வழுக்கும். அவ்வாறு ஒருமுறை இடக்கை மோதிரவிரலில் பட்ட காயம் ஆறாமல் அவ்விரலின் நுனியே குறைந்துபோயிற்று என்பது அவர் வரலாற்றில் வழிவழியாகச் சொல்லப்பெறும் செய்தியாகும்.

முத்திரைக் கலையை அறியாதார் அதை எளிய கைத்தொழிலாக எண்ணக்கூடும். சிறிய சதுரக் கல்லின் முகத்தில் இரண்டு அல்லது நான்கு எழுத்துகளை இடவலமாக மாற்றிச் செதுக்க வேண்டும். எழுத்துகள் இன்று வழங்கும் வடிவில் அமையாமல், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தொல்வடிவில் அமையும். எனவே முத்திரை செதுக்குபவர் தொல்லெழுத்துகளை ஐயமறப் படிக்கத் தெரிந்தவராகவும் இருத்தல் வேண்டும். எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையே எவ்வளவு இடம் விடுவது, கோட்டை எங்கே ஓட்டுக்கு அருகே நெருக்குவது, எங்கே நெகிழ்ப்பது என்பன எல்லாம் அச்சிறு பரப்புக்குள்ளேயே தீர்மானிக்கப்பட வேண்டும். ஒருமுறை பெயர்த்த கல்லை மீண்டும் ஒட்டவைத்தல் இயலாது. வூவின் கண்ணும் கையும் முதன்முதல் பழகியது இந்தக் கட்டுப்பாட்டில்தான்.

போர் கொண்டுசென்றவை

1851-இல் தொடங்கி 1864 வரை நீடித்த தைப்பிங் கிளர்ச்சி, சீன வரலாற்றின் மிகக் கொடிய உள்நாட்டுப் போர்களுள் ஒன்று. 1860-இல் அப்போர் ஆன்ஜி மலைப்பகுதியை வந்தடைந்தது. பதினாறு வயது இளைஞராக இருந்த வூ தந்தையுடன் ஊரைவிட்டு ஓட நேர்ந்தது. வழியில் பஞ்சம் வாட்டியது, கொள்ளைநோயும் பரவியது. வேரும் மரப்பட்டையும் உணவாயின. தம்பியும் தங்கையும் பசியாலும் நோயாலும் மாண்டனர். வேற்று மாநிலங்களில் கூலிவேலை செய்தும், இரந்தும் அலைந்த காலம் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள்.

தாயார் நெடுந்தொலைவு நடக்க இயலாதவர், ஊரிலேயே தங்கிவிட்டார். அவருக்குத் துணையாக நின்றவர், வூவுக்கு மணம் பேசப்பெற்றிருந்த ஜாங் குடும்பத்துப் பெண். திருமணம் நிகழும் முன்னரே புகுந்த வீட்டின் பொறுப்பை ஏற்றுக்கொண்ட அப்பெண், மணமகன் திரும்பிவரும் முன்பே, 1862-இல் இறந்துபோனார். சவப்பெட்டிக்கும் சடங்குக்கும் வழியற்ற காலம் அது. வீட்டு முற்றத்தில் இருந்த மணப்பூ மரத்தின் அடியில் அவருடைய உடல் அவசரமாகப் புதைக்கப்பட்டது. தாயாரும் பின்னர் மறைந்தார்.

1864-இல் போர் ஓய்ந்து ஊர் திரும்பியபோது, ஒன்பது பேர் கொண்ட குடும்பத்தில் எஞ்சியவர்கள் தந்தையும் மகனும் மட்டுமே. தம் குலத்தார் வாழ்ந்த அவ்வூரில் நான்காயிரவர் மாண்டு இருபத்தைந்து பேரே பிழைத்தனர் என்று பின்னாளில் தம் கவிதையொன்றில் வூ கணக்கிட்டுள்ளார்.

ஊரில் இருக்க மனமின்றித் தந்தையும் மகனும் ஆன்ஜி நகருக்குக் குடிபெயர்ந்தனர். வீட்டை ஒட்டிய சிறு நிலத்தில் புல்லும் புதரும் மண்டிக்கிடந்தன. அதற்குக் ‘களைமண்டிய தோட்டம்’ எனப் பொருள்படும் பெயரையே இட்டு, அங்கே மூங்கிலும் முப்பதுக்கு மேற்பட்ட பிளம் மரங்களும் வளர்த்தார் வூ. கடுங்குளிரில் இலையின்றி நின்று, பனிக்கிடையே பூக்கும் பிளம் மரம் பின்னாளில் அவர் மிகுதியாக வரைந்த பொருள்களுள் ஒன்றாயிற்று. அந்த மரங்களை அவர் ஏட்டில் கற்கவில்லை. தம் கையால் நட்டு வளர்த்துக் கற்றார்.

ஆசிரியர்களும் நண்பர்களும்

1865-இல் முதற்படித் தேர்வில் தேறிய வூ, அதற்குமேல் தேர்வுகளை நாடவில்லை. 1868-இல் தந்தையும் மறைந்தார். பின்னர் ஹாங்சோ நகரத்துக் கல்விக்கழகத்தில் யூ யுவே (1821-1907) என்னும் பேரறிஞரிடம் தொல்லெழுத்தியலும் மொழியியலும் பயின்றார். ஓர் எழுத்து எவ்வாறு பிறந்தது, எந்தக் காலத்தில் எவ்வடிவம் கொண்டது, எந்த வடிவம் பிழையானது என்பனவற்றை ஆராயும் துறை அது. கலைஞனுக்கு இக்கல்வி எதற்கு என்னும் வினா எழலாம். எழுத்தின் வேர் அறியாதவன் அதன் வடிவை மாற்றத் துணிந்தால் அது சிதைவாகும். வேர் அறிந்தவன் மாற்றினால் அது வளர்ச்சியாகும். வூ பின்னாளில் காட்டிய துணிவுக்கு அடித்தளம் இந்தக் கல்வியே ஆகும்.

1872-இல் ஷி குடும்பத்துப் பெண்ணை மணந்தார். பிழைப்பை நாடிச் சூசோ நகருக்குச் சென்று, அங்கே அரசு அலுவலகத்தில் சிறுபணி ஒன்றில் அமர்ந்தார். ஊதியம் சொற்பம்; ஆயினும் அந்நகரம் அவருக்கு அளித்தது மிகுதி. வூ யுன், பான் சூயின், வூ தாசெங் முதலிய செல்வர்கள் பழம்பொருள் திரட்டுவதில் வேட்கை மிக்கவர்கள். அவர்களுடைய வீடுகளில் இருந்த வெண்கலக் கலங்களையும், ஹான் காலத்து முத்திரைகளையும், கல்வெட்டு மைப்படிகளையும் நேரில் கண்டு பயிலும் வாய்ப்பு வூவுக்குக் கிட்டியது. பழங்காலத்தில் கடிதக்கட்டுகளின் மீது அப்பிய களிமண்ணில் பதிந்த முத்திரைகளும் அவற்றுள் அடங்கும். விளிம்பு சிதைந்து, கோடுகள் வீங்கி மங்கிய அக்களிமண் பதிவுகளின் அழகு அவரை ஆட்கொண்டது.

கூரான மெல்லிய உளியை விடுத்து, மழுங்கிய தடித்த உளியை அவர் கைக்கொண்டது இதனால்தான். மழுங்கிய உளியைக் கல்லில் வலிந்து செலுத்தும்போது கோடு வழவழப்பாக அமையாது. ஓரங்கள் பொரிந்து நிற்கும். செதுக்கி முடித்த பின்னரும் முத்திரையின் விளிம்பைத் தட்டியும், காலணியின் அடிப்புறத்தில் தேய்த்தும் மழுக்குவார் என்று சொல்வர். காலம் ஈராயிரம் ஆண்டுகளில் செய்யும் வேலையைக் கலைஞன் ஒரு பிற்பகலில் செய்து பார்த்த முயற்சி அது.

சூசோவில் யாங் சியேன் (1819-1896) என்னும் கவிஞரும் எழுத்தழகில் வல்லவருமான முதியவரை ஆசிரியராக ஏற்க வூ விரும்பினார். அவரோ, ஆசான் மாணவன் என்னும் வரிசை வேண்டா, உடன்பிறந்தார் போலப் பழகுவோம் என மறுத்துவிட்டார். எனினும் வூ தம் இறுதிவரை அவரை ஆசிரியராகவே மதித்தார். 1882-ஆம் ஆண்டளவில் நண்பர் ஒருவர் பழங்காலத்து மட்கலம் ஒன்றை வூவுக்குப் பரிசளித்தார். அதில் அணிவேலைப்பாடும் இல்லை, எழுத்தும் இல்லை. அதனையே பெரிதாகக் கருதித் தம் பணியறைக்கு ‘மட்கலக் குடில்’ என்று பெயர் சூட்டினார். அவர் வெளியிட்ட கவிதைத் தொகுதியும் முத்திரைத் தொகுதியும் அப்பெயரையே தாங்கின. ‘கசப்பு இரும்பு’ என்பது அவர் தமக்குச் சூட்டிக்கொண்ட மற்றொரு பெயர். இவ்விரு பெயர்களிலேயே அவருடைய சுவை புலப்படும்.

பத்து முரசுக் கற்கள்

1886-இல் பான் ஜோங்ருய் என்னும் நண்பர் அளித்த ஒரு மைப்படி, வூவின் கலையில் திருப்பத்தை உண்டாக்கியது. அது முரசுக்கல் எழுத்துகளின் படி.

முரசு வடிவில் அமைந்த பத்துப் பெருங்கற்கள் அவை. சீனத்தை ஒருங்கிணைத்துப் பேரரசாக்கும் முன், சின் அரசு ஒரு நாட்டரசாக இருந்த காலத்தில் பொறிக்கப்பெற்றவை. ஆண்டு குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டெனினும் ஈராயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்குக் குறையாத தொன்மை உடையவை. தேரோட்டமும் வேட்டையும் மீன்பிடித்தலும் அவற்றிலுள்ள பாடல்களின் பொருள். தாங் காலத்தில், ஏழாம் நூற்றாண்டில், அவை மீண்டும் மக்கள் கவனத்துக்கு வந்தன. அதற்குள் பல எழுத்துகள் அழிந்திருந்தன. ஒரு கல்லின் மேற்பகுதியை வெட்டிக் குடைந்து யாரோ உரலாக்கிவிட்டனர். உரலாகிய அந்தக் கல்லிலும் எஞ்சிய எழுத்துகள் உள்ளன. இன்று பத்துக் கற்களும் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

அம்மைப்படி கையில் கிடைத்தபோது வூவுக்கு வயது நாற்பத்திரண்டு. அன்று தொடங்கி, இறக்கும் வரை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்த ஒரே நூலை அவர் மீண்டும் மீண்டும் எழுதினார். வேறு எழுத்து வகைகளையும் அவர் அறிவார். ஓடெழுத்திலும் பரியெழுத்திலும் தேர்ந்தவர். ஆயினும் நாள்தோறும் திரும்பி வந்தது அப்பத்துக் கற்களிடமே.

தொடக்க காலப் படிகள் மூலத்தை அடியொற்றியவை. எழுத்துகள் சதுரமாகவும் சமநிலையுடனும் அமைந்துள்ளன. ஐம்பதைக் கடந்தபின் கோடுகள் தடிக்கின்றன. அறுபதில் எழுத்துகள் நெடிதாகின்றன. இடப்புறம் தாழ்ந்து வலப்புறம் உயர்கின்றது. எழுபதில் ஒவ்வோர் எழுத்தும் சாய்ந்து நின்றும் விழாமல் தாங்கும் பாறை போல் ஆகிவிடுகிறது. ஆண்டு குறித்த அப்படிகளை வரிசையாக வைத்துக் காண்பவர், ஒரு மனிதரின் முதிர்ச்சியை எழுத்தின் சாய்விலேயே கண்டுகொள்ளலாம். பல பத்தாண்டுகள் எழுதிய பிறகும் ஒவ்வொரு நாளும் ஒரு புதிய எல்லை தமக்குப் புலப்படுவதாக அவரே ஒரு படியின் அடிக்குறிப்பில் தெரிவித்துள்ளார்.

இதனை எல்லாரும் ஏற்கவில்லை. முரசுக்கல்லின் அமைதியான சமநிலையை அவர் குலைத்துவிட்டார் என்றும், மூலத்துக்கு உண்மையாக இல்லை என்றும் குறைகூறினோர் உண்டு. அக்குற்றச்சாட்டில் உண்மை இல்லாமலில்லை. மூலத்தையும் வூவின் எழுத்தையும் அருகருகே வைத்தால் வேறுபாடு தெளிவாகவே தெரியும். ஆனால் அவருடைய முதல் பத்தாண்டுப் படிகள் அவரால் மூலத்தை வழுவாது எழுத முடியும் என்பதற்குச் சான்றாக உள்ளன. வழுவாமல் எழுதத் தெரிந்தவரே வழுவினார். அறியாமையால் விலகுவதும் அறிந்து விலகுவதும் ஒன்றல்ல.

எழுத்தே ஓவியமாக

ஓவியத்துக்கு அவர் காலந்தாழ்ந்தே வந்தார். ஐம்பது வயதில்தான் ஓவியம் கற்கத் தொடங்கியதாக அவர் சொல்லிக்கொள்வதுண்டு. அதற்கு முன்னரே அவர் வரைந்த ஓவியங்கள் கிடைப்பதால் இதனைத் தன்னடக்கம் என்றே கொள்ளுதல் வேண்டும். எனினும் நாற்பதை ஒட்டிய வயதிலேயே அவர் ஓவியத்தில் முறையாக ஈடுபட்டார் என்பது உண்மை.

அன்றைய ஷாங்காய் நகரின் தலைசிறந்த ஓவியர் ரென் போநியேன் (1840-1895). வணிகம் செழித்த அத்துறைமுக நகரில் உருவப்படங்களும் பூப்பறவை ஓவியங்களும் தீட்டிப் பெரும்புகழ் பெற்றவர். வூ அவரிடம் ஓவியம் கற்க விரும்பினார். முதலில் ஏதேனும் வரைந்து காட்டுமாறு ரென் கேட்டார். தமக்கு வரையத் தெரியாது என்று தயங்கிய வூ, தாளில் சில கோடுகளை இழுத்தார். அக்கோடுகளின் வலிமையைக் கண்டு வியந்த ரென், தூரிகையாற்றலில் வூ ஏற்கெனவே தம்மைக் கடந்துவிட்டதாகக் கூறினார் என்பது வழக்கு. இருவரும் வாழ்நாள் நண்பராயினர்.

ரென் வரைந்த வூவின் உருவப்படங்களுள் புகழ்பெற்றது 1888-இல் தீட்டியது. கோடையின் வெம்மையில், அலுவலக உடையும் தொப்பியும் அணிந்து, கைகளைக் கூப்பியவாறு நிற்கும் ஏழைச் சிற்றலுவலரின் உருவம் அது. மேலதிகாரி முன் நின்று திரும்பிய களைப்பும் கூச்சமும் முகத்தில் தெரியும். நண்பரின் வறுமையை நகைச்சுவையோடும் பரிவோடும் ரென் காட்டியுள்ளார். அப்படத்தை வூ மறைக்கவில்லை, போற்றிக் காத்தார்.

ஓவியத்தில் வூ கண்ட வழி எளியது. ஆயின் பிறரால் எளிதில் பின்பற்ற இயலாதது. பிளம் மரத்தின் கிளையை அவர் வரையவில்லை, எழுதினார். முரசுக்கல் எழுத்தின் தடித்த, உருண்ட கோடு அங்கே கிளையாயிற்று. விஸ்டீரியாக் கொடியின் சுற்றும் முறுக்கும் ஓடெழுத்தின் விரைவோடு எழுதப்பெற்றன. தூரிகையின் முனை கோட்டின் நடுவிலேயே செல்லவேண்டும் என்பது தொல்லெழுத்துப் பயிற்சியின் முதல் விதி. அவ்வாறு சென்றால் கோட்டின் இருபுறமும் மை சமமாகப் பரவி, கோடு தட்டையாக இராமல் திரண்டு நிற்கும். வூவின் கொடிகளும் கிளைகளும் கம்பிபோல் திரண்டு நிற்பதன் மறைபொருள் இதுவே.

இடவமைப்பில் அவருக்குத் துணைநின்றது முத்திரைக்கலை. நீண்ட தாளில் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலையை நோக்கிக் கிளை சாய்ந்தேறும். எஞ்சிய வெளியில் கவிதை வரிகள் நெடிதாக இறங்கும். பூங்கொத்து நெருங்கிய இடமும் வெற்றிடமும் முத்திரை முகத்தில் எழுத்தும் வெளியும் போல ஒன்றையொன்று தாங்கும். கவிதை பின்னர் ஒட்டிய குறிப்பன்று. அதை நீக்கினால் ஓவியம் ஒருபுறம் சாய்ந்துவிடும்.

வண்ணத்திலும் அவர் துணிந்தவர். மேலைநாடுகளிலிருந்து அக்காலத்தில் இறக்குமதியான அடர்சிவப்பு வண்ணத்தைக் கற்றறிந்த ஓவியர் பலர் கொச்சையானது என ஒதுக்கினர். வூ அதனைப் பியோனி மலருக்கும் பிளம் மலருக்கும் தாராளமாக ஆண்டார். கரிய கனத்த மைக்கோடு அருகில் இருந்தமையால் அச்சிவப்பு பகட்டாகத் தோன்றாமல் அடங்கி ஒளிர்ந்தது. மணிப்பூசணி, லோக்குவாட் பழம், முட்டைக்கோசு போன்ற எளிய காய்கனிகளும் அவருடைய ஓவியங்களில் இடம்பெற்றன. முற்காலத்து ஓவியர்களான சூ வெய், பாதா ஷான்ரென், ஷிதாவ் ஆகியோரிடமிருந்து அவர் பெற்றது மிகுதி. ஆயினும் அவர்களிடம் காணப்பெறாத கல்லின் கனம் இவரிடம் உண்டு.

ஒரு மாதப் பதவி

1894-இல் சீனத்துக்கும் ஜப்பானுக்கும் போர் மூண்டபோது, வூ தாசெங்கின் படையில் எழுத்துப்பணி ஏற்று வடக்கே ஷான்ஹாய்க் கணவாய் வரை சென்றார். 1895-இல் தோல்வியின் கசப்போடு திரும்பினார். 1899-இல் நண்பர் ஒருவரின் பரிந்துரையால் ஜியாங்சூ மாநிலத்து ஆன்டோங் மாவட்டத்தின் ஆட்சித்தலைவர் பதவி கிடைத்தது. நெடுங்காலம் காத்திருந்து பெற்ற பதவி. மேலதிகாரிகளுக்குப் பணிந்துபோவதும் மக்களிடம் வரி பிழிவதும் அவரால் இயலவில்லை. ஒரே மாதத்தில் துறந்துவிட்டு வீடு திரும்பினார்.

அதன்பின் அவர் செதுக்கிய முத்திரைகளுள் ஒன்று, ஆன்டோங்கில் ஒரு மாதம் ஆண்டவர் எனப் பொருள்படுவது. மற்றொன்று சுவையானது. நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கவிஞர் தாவோ யுவான்மிங் எண்பது நாள்களுக்குச் சற்று மேற்பட்ட காலம் மட்டுமே பதவி வகித்துத் துறந்தவர். பதவி துறத்தலின் இலக்கணமாகச் சீனர் போற்றுபவர். அவரைவிட ஐம்பது நாள் முந்தியே தாம் பதவியைத் துறந்ததாக அம்முத்திரையில் வூ பொறித்துக்கொண்டார். பதவி தந்த அவமானத்தை இரண்டு சிறு கற்களில் நகையாக மாற்றிவிட்டார்.

நாற்பத்தேழு ஆண்டுகள் கழித்து

1909-ஆம் ஆண்டு. வூவுக்கு அகவை அறுபத்தைந்து. ஷி அம்மையாருடன் நிறைவான இல்லறம், மக்கள், பேரமக்கள், புகழும் வந்துவிட்டது. அவ்வாண்டு சூசோவில் அவர் கனவில், மணம் பேசப்பெற்று மணமாகாமலே மறைந்த ஜாங் குடும்பத்துப் பெண் தோன்றினார். விழித்தெழுந்த வூ ஒரு கல்லை எடுத்தார்.

நிலவின் முற்பிறப்பு எனப் பொருள்தரும் நான்கு எழுத்துகள் அக்கல்லின் முகத்தில் உள்ளன. பக்கவாட்டில் நெடிய ஆடை உடுத்து நிற்கும் ஒரு பெண்ணின் உருவம் கோடுகளால் செதுக்கப்பெற்றுள்ளது. மறைந்த துணைவி கனவில் உருக்காட்டியமையால் அவருடைய திருவுருவாகக் கொள்ளுமாறு இதனைச் செதுக்கியதாக ஒரு குறிப்பும் அதில் உண்டு. மணம் முடியாத அப்பெண்ணை அவர் முதல் மனைவியாகவே அதில் குறித்துள்ளார்.

மரத்தடியில் பெட்டியின்றிப் புதைக்கப்பட்ட ஒருவருக்கு நாற்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின் எழுப்பிய நினைவுக்கல் அது. உள்ளங்கையில் அடங்குவது. வூ செதுக்கிய முத்திரைகள் பலவற்றுள்ளும் இதன் கோடுகள் மென்மையானவை. கல்லை ஏன் அவர் இவ்வளவு விடாப்பிடியாகப் பற்றிக்கொண்டார் என்னும் வினாவுக்கு இம்முத்திரை ஒரு விடையாகலாம். பதினெட்டு வயதுக்குள் மனிதர் எவ்வளவு எளிதில் மறைந்துபோவர் என்பதைக் கண்டவர் அவர். உடைந்தும் உரலாக்கப்பட்டும் எழுத்தைக் கைவிடாத கல்லை அவர் நாடியதில் வியப்பில்லை.

ஷாங்காயும் சீலிங்கும்

ஹாங்சோவின் மேற்கு ஏரிக்கரையில், குஷான் குன்றில், முத்திரைக்கலை பயில்வோர் நால்வர் 1904-இல் ஒரு கழகம் தொடங்கினர். சீலிங் முத்திரைக் கழகம் என்பது அதன் பெயர். 1913-இல் வூ அதன் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்று இறுதிவரை அப்பொறுப்பில் இருந்தார். அதே காலத்தில், வணிகரும் ஓவியருமாகிய வாங் யீடிங் (1867-1938) என்னும் நண்பரின் துணையால் ஷாங்காயில் நிலையாகக் குடியேறினார். வாங்கின் வணிகத் தொடர்புகளால் வூவின் படைப்புகள் ஜப்பானில் பெரிதும் விரும்பப்பட்டன. சிற்பி அசாகுரா ஃபுமியோ வூவின் மார்பளவு வெண்கலச் சிலையை வார்த்து 1921-இல் அனுப்பினார். அது குஷான் குன்றின் பாறைமாடத்தில் வைக்கப்பட்டது. 1960-களின் பண்பாட்டுப் புரட்சியில் அச்சிலை அழிக்கப்பட்டது.

கழகத்தின் பணிகளுள் ஒன்று தனியே சொல்லத்தக்கது. கி.பி. 52-ஆம் ஆண்டளவில் பொறிக்கப்பெற்ற ஹான் காலக் கல்வெட்டு ஒன்று 1852-இல் ஜெஜியாங்கின் யூயாவ் பகுதியில் கிடைத்தது. பாட்டன் பாட்டி, தந்தை தாய் ஆகியோரின் பெயர்களையும் இறந்த நாள்களையும் வழித்தோன்றல்கள் மறவாதிருக்கும்பொருட்டு ஒருவர் பொறித்துவைத்த கல் அது. 1921-இல் அது அயல்நாட்டுக்கு விற்கப்பட இருப்பதாகச் செய்தி பரவியது. வூவும் கழகத்தாரும் நண்பர்களும் தம் படைப்புகளை விற்றும் நன்கொடை திரட்டியும் 8,000 வெள்ளி நாணயங்களைத் தந்து அதனை மீட்டனர். 1922-இல் குஷான் குன்றில் அதற்குக் கல்மாடம் எழுப்பப்பட்டது. அதன் வரலாற்றை எழுதியவர் வூ. தாயின் இறுதிநாளில் அருகில் இல்லாத ஒருவர், யாரோ ஒருவருடைய தாயின் இறந்த நாளைக் காத்து நின்றார்.

முதுமையில் செவிப்புலன் குன்றியது. ‘பெருஞ்செவிடர்’ என்று அதனையும் ஒரு புனைபெயராக்கிக்கொண்டார். ஓவியங்களுக்கான வேண்டுகோள்கள் குவிந்தன. இக்காலத்தில் ஒரே பொருளை மிகுதியாகத் திருப்பித் திருப்பி வரைந்தார் என்னும் குறை கூறப்படுவதுண்டு. விற்பனைக்காக வரைந்தவற்றில் சில அத்தகையனவே. ஆனால் இளையோருக்கு வழிகாட்டுவதில் அவர் சலிக்கவில்லை. தச்சுத் தொழிலிலிருந்து வந்த ஓவியர் சீ பாய்ஷிக்கு (1864-1957) 1920-இல் ஓவிய விலைப்பட்டியல் எழுதித் தந்தார். சீ பாய்ஷியின் பிற்காலப் பூ ஓவியங்களில் வூவின் சாயல் தெளிவாகத் தெரியும். 1920-களில் தம்மை நாடிவந்த இளைஞர் பான் தியான்ஷோவின் பேராற்றலைப் பாராட்டிய வூ, படிகளைத் தாண்டிக் குதித்தால் பள்ளத்தில் விழ நேரும் என்று நீண்ட கவிதை ஒன்றால் எச்சரிக்கவும் செய்தார். ஒரே கல்லைத் தேய்த்துத் தேய்த்துக் கற்றவருக்கு அவ்வாறு எச்சரிக்கும் உரிமை இருந்தது.

பிளம் மரத்தடியில்

1927-ஆம் ஆண்டு நவம்பர் 29-ஆம் நாள் ஷாங்காயில் வூ சாங்ஷுவோ மறைந்தார். ஹாங்சோவுக்கு வடகிழக்கேயுள்ள சாவோஷான் மலை பிளம் மரங்களுக்குப் பெயர்பெற்றது. சோங் காலத்தது என மக்கள் போற்றும் பழைய மரமொன்றும் அங்குண்டு. அதன் அருகே துயிலவேண்டும் என்பது அவர் விருப்பம். சில ஆண்டுகளுக்குப் பின் அவர் உடல் அங்கே கொண்டுசெல்லப்பட்டு அடக்கம் செய்யப்பட்டது.

கவிஞர், எழுத்தழகர், ஓவியர், முத்திரைச் சிற்பி என நான்கு பெயர்களால் அவரை அழைக்கலாம். நான்கின் அடியிலும் இருந்தது ஒரே கோடு. பத்துக் கற்களில் யாரோ பெயர் தெரியாத ஒருவர் வெட்டிய கோடு அது. நாற்பதாண்டுகள் அதைப் பின்தொடர்ந்து நடந்தவர், ஒருநாள் அது தம் கோடாகவே மாறியிருப்பதைக் கண்டார். மூலத்தைப் படியெடுப்பவன் தன்னை இழந்துவிடுவான் என அஞ்சுவோர் உண்டு. வூவின் வாழ்வில் நிகழ்ந்தது வேறு. அனைத்தையும் இழந்துவிட்ட ஓர் இளைஞன், பிறர் வெட்டிய எழுத்தை எழுதி எழுதியே தன்னைக் கண்டெடுத்தான்.